ஆத்தா காலத்தில் யாரும் முடி எடுக்கவில்லையா?

நொய்யல்கரையான் | 9 ஜனவரி 2024, இரவு 9.40

என் மகளுக்குப் பதிமூன்று வயது. கை காலில் இருக்கிற முடியை எடுத்தால்தான் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடுவேன் என்று ஒரே அழுகை. எங்கள் ஆத்தா காலத்தில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. பிளேடு விற்கிறவனும் பார்லர்காரர்களும் சேர்ந்து கிளப்பிவிட்ட வேலை என்கிறேன் நான். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோபி தையல்காரி | 9 ஜனவரி, இரவு 11.15

நீங்கள் சொல்வதுதான் சரி. இதெல்லாம் நம்மூரில் கிடையாது. கோபியில் முப்பது வருசமாக ஜாக்கெட் தைக்கிறேன். நடுவில் தபாலில் படித்து வரலாற்றில் ஒரு பி.ஏ.வும் வாங்கி வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து இது கை போனதால் வந்த வினை. மனுசக் கை இல்லை, ஜாக்கெட் கை.

அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் பிளேடை மட்டும் மாற்றிக்கொள்கிற ரேசரை 1903-இல் விற்க ஆரம்பித்தார். முதல் வருசம் போனது 51 ரேசர், 168 பிளேடு. எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைகூட அதைவிட நன்றாக விற்கும். அப்புறம் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் ஊரில் பாதிப் பேருக்குத்தானே தாடி? மிச்சப் பாதிக்கு எதை விற்பது? 1915-இல் பெண்களுக்கென்று தனி ரேசர் வந்தது. அதே வருசம் அங்கே ஒரு பெண்கள் பத்திரிகையில், கையில்லாத கவுன் போட்ட பெண் கையைத் தூக்கி நிற்கிற விளம்பரம். அது ரேசருக்கு இல்லை, முடி எடுக்கிற பவுடருக்கு. கோடை உடுப்பும் புது நடனமும் வந்துவிட்டதால் வேண்டாத முடியை எடுத்தே தீர வேண்டுமாம். கால் முடியின் முறை கவுன் மேலே ஏறிய பிறகு வந்தது. இரண்டாம் உலகப் போரில் நைலானெல்லாம் பாராசூட்டுக்குப் போய்விட, காலுறை கிடைக்காமல் வெறுங்காலோடு நின்றார்கள். கால் வெளியே தெரிந்ததும் அதிலும் கை வைத்தாயிற்று.

எங்கள் ஆத்தா, அப்பாவைப் பெற்றது, ரவிக்கையே போட்டதில்லை. பின்கொசுவம் வைத்த சேலை, அவ்வளவுதான். எட்டிப் பரணிலிருந்து எதையாவது எடுத்தால் கக்கம் முழுசாகத் தெரியும். அதில் நரைத்த முடி. ஒருத்தர் முகம் சுளித்ததாக நினைவில்லை. கடைசிக் காலத்தில் தாடையில் மூன்று நான்கு வெள்ளை முடி விரல்கடை நீளத்துக்கு இருந்தது. அதையும் ஆத்தா சட்டை பண்ணவில்லை.

10 ஜனவரி, காலை 6.05

ராத்திரி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஈரோடு ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு மஞ்சளை மறந்திருக்கிறேன். அடுப்பில் பால். அப்புறம் வருகிறேன்.

10 ஜனவரி, மாலை 3.30

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது குழம்பைப் பேசினார்கள், மருந்தைப் பேசினார்கள். குளிக்கிற இடத்துக் கல்லை யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி உண்டு. கிழங்கு உரசி உரசி விழுந்தது. மழை பெய்தால் அதில் நிற்கிற தண்ணீர்கூட மஞ்சளாக இருக்கும். நான் வயசுக்கு வந்த வாரம் அம்மா என்னை அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார வைத்து, "மேலுதட்டுல நல்லாத் தேய் கண்ணு, அங்கதான் மொளைக்கும்" என்றாள்.

ஆக, முடி எடுக்கிற பழக்கம் இல்லை என்று நான் நேற்று ஆமாம் போட்டது தப்பு. அதற்கு "குளிப்பது" என்று பேர் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

இன்னொன்று. பிறந்த குழந்தைக்குப் பச்சைப்பயறு மாவைப் பிசைந்து நெற்றியிலும் முதுகிலும் உருட்டுவார்கள். பூனைமுடி மாவில் ஒட்டிக்கொண்டு வரும். பெண் குழந்தையானால் இன்னும் நாலு உருட்டு. எனக்கு உருட்டினார்கள். தம்பிக்கு வெறும் எண்ணெயோடு விட்டுவிட்டார்கள். அந்த முடி சில மாதத்தில் தானாகவே உதிர்ந்துவிடும் என்பது என் மகள் பிறந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதற்குள் பாட்டிமார் நல்ல பேர் வாங்கிவிடுகிறார்கள்.

12 ஜனவரி, இரவு 10.20

கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி எல்லாம் சேர்த்து அரைத்தால் முடி வளராது என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். நாட்டு மருந்துக் கடையில் நானும் வாங்கியிருக்கிறேன். வாசம் நன்றாக இருந்தது. முடி இருந்த இடத்தில் இருந்தது.

கோரையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மஞ்சக்காட்டில் களையெடுத்தவர்களைக் கேளுங்கள். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு நிற்கும், எட்டாம் நாள் மறுபடி தலையை நீட்டும். பிடுங்கப் பிடுங்க முளைக்கிற ஒரே பயிர் அது. அதை அரைத்து, முடி முளைக்கக்கூடாது என்று முகத்தில் பூசுகிறோம்.

16 ஜனவரி, மத்தியானம்

பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சு இங்கேதான் வந்து நின்றது.

ஆத்தாவுக்கு ஏன் தாடி வந்தது என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அப்பாரு போன பிறகு ஆத்தா வெள்ளைச் சேலைக்கு மாறிவிட்டது. எங்கள் பக்கம் அப்படித்தான். மஞ்சளும் அன்றோடு நின்றது. "மஞ்சள விட்டா, மொகத்துல முடி வந்துருச்சு" என்பார்கள். சின்ன வயதில் எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. புருசனும் போய், முகமும் போவதா?

இந்த முறை பெரியம்மாவை வெளிச்சத்தில் பார்த்தேன். எண்பது தாண்டிவிட்டது. பெரியப்பா நல்லபடியாக இருக்கிறார், இன்றைக்கும் மஞ்சள் தேய்க்காமல் குளிப்பதில்லை. தாடையில் அதே மூன்று முடி. மாதவிடாய் நின்ற பிறகு பெண்மைச் சுரப்பு குறைந்து, எல்லா உடம்பிலும் கொஞ்சம் இருக்கிற ஆண்மைச் சுரப்பின் கை ஓங்குவதால் வருகிற முடி அது. புருசன் இருக்கிறாரா, மஞ்சள் இருக்கிறதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ஐம்பது வருசக் கதை பொங்கலன்று காலியானது. சொன்னால் அண்ணன் நம்பவில்லை.

18 ஜனவரி, இரவு 9.00

"நம்மூரில் கிடையாது" என்று முதலில் எழுதினேனே, அந்த "நம்மூர்" எது என்று என் வாடிக்கைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார். ராவுத்தர் வீட்டுப் பெண், இருபது வருசப் பழக்கம். அளவு ஜாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு, "ஏனக்கா, எங்களுக்கு நாப்பது நாள் கணக்கு. அதுக்கு மேல கக்கத்துல விடக்கூடாது. ஆம்பள பொம்பள எல்லாருக்கும். நாங்க என்ன வெளியூரா?" என்றார். பதில் இல்லை. ரேசர் கம்பெனி பிறப்பதற்கு ஆயிரம் வருசத்துக்கு மேல் முந்தின வழக்கம் பக்கத்துத் தெருவிலேயே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியே பின்னால் போனால் எகிப்தில் கோயில் பூசாரிகள் ஒன்றுவிட்டு ஒருநாள் உடம்பு முழுக்க மழித்தார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். காமசூத்திரத்தில் நகரத்துக்காரனுக்கு நாலு நாளுக்கொரு முறை முகச் சவரம், உடம்பின் மறைவிடத்துக்கு ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ. கவனியுங்கள், அங்கே கணக்கு ஆணுக்கு.

எனக்குப் பிடித்தது ரோமாபுரிக் கதைதான். செனெகா என்ற ரோமாபுரித் தத்துவ அறிஞர் குளியல் கூடத்துக்கு மேல்மாடியில் குடியிருந்துகொண்டு இரைச்சல் தாங்காமல் கடிதம் எழுதுகிறார். முடி பிடுங்குகிறவன் கீச்சுக்குரலில் கூவிக் கூவி ஆள் பிடிக்கிறானாம். எவனுடைய கக்கத்திலாவது பிடுங்கும்போதுதான் வாயை மூடுகிறானாம், அப்போது அவனுக்குப் பதில் பிடுங்கிக்கொள்கிறவன் கத்துகிறானாம். என் கடைக்கு மேல்மாடியில் பார்லர். நூல் கண்டு என்னிடம்தான் வாங்குகிறாள் அந்தப் பெண். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் எடுக்கும்போது அவள் பேச முடியாது. சத்தமெல்லாம் நாற்காலியிலிருந்துதான் வரும். செனெகாவுக்கு அனுதாபங்கள்.

21 ஜனவரி, காலை 7.15

கிரீம் நல்லதா பிளேடு நல்லதா என்று கேட்டவருக்கு: நான் இரண்டிலும் அடிபட்டவள்.

பிளேடு முதலில். தையல்காரி மேஜை டிராயரில் எப்போதும் அரை பிளேடு கிடக்கும், தையல் பிரிப்பதற்கு. கல்யாணத்துக்கு முந்தின மாதம், கடைக்கதவைச் சாத்திக்கொண்டு அதை வைத்தே கால் முடியை எடுத்தேன். சோப்பு இல்லை, தண்ணீர்கூட இல்லை. கெண்டைக்காலில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு, இன்றைக்கும் தடவினால் தட்டுப்படும். யார் கேட்டாலும் கத்தரிக்கோல் விழுந்தது என்று சொல்லி வருகிறேன்.

கிரீம் அதற்குப் பிறகு. ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தது. ஓவர்லாக் மிஷின்காரர் வந்துவிட, பேச்சில் இருபது நிமிடம் ஆகிவிட்டது. அக்குள் தோல் சேர்ந்தே வந்தது. பத்து நாள் கையை விரித்தே நடந்தேன். தப்பு கிரீமுடையது இல்லை. முடியும் தோலின் மேல்புறமும் ஒரே புரதம், கெரட்டின். கிரீமில் இருக்கிற கால்சியம் தயோகிளைகோலேட் முடிக்குள் இருக்கிற கந்தகப் பிணைப்பை அறுத்துக் கூழாக்குகிறது. முடி முடிந்ததும் அது நின்றுவிடாது, அடுத்துத் தோலுக்கு வரும்.

அந்த வாசம் எங்கேயோ பழக்கமானதாக இருக்கிறதே என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஈரோட்டில் தோல் பதனிடுகிற இடத்துப் பக்கம் பஸ்ஸில் போனபோது பிடிபட்டது. அங்கே மாட்டுத்தோலில் முடியை உதிர்க்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போடுகிறார்கள். இங்கும் அங்கும் வேலை ஒன்றுதான்: காரமும் கந்தகமும். பழைய ஆட்களுக்கும் தெரிந்திருக்கிறது. சுசுருத சம்ஹிதை என்ற பழைய வைத்திய நூலில் புண்ணைச் சுற்றி இருக்கிற முடியை உதிர்க்கச் சங்கைச் சுட்ட சுண்ணத்தோடு அரிதாரம் சேர்த்த பூச்சு வருகிறது. துருக்கிக் குளியல் கூடங்களிலும் அரிதாரமும் சுட்ட சுண்ணாம்பும்தான். அரிதாரம் என்றால் கூத்துக்காரர் பூச்சு என்றுதான் நமக்குத் தெரியும். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல் அது. வேடம் போடவும் அதுவே, முடி எடுக்கவும் அதுவே. விசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது அரைக்கக் கிளம்பிவிடப் போகிறீர்கள்.

25 ஜனவரி, இரவு 8.40

தைப்பூசம். தெருவில் பாதி வீடு பழநிக்கு நடந்து போயிருக்கிறது. திரும்பி வரும்போது மொட்டையும் சந்தனமுமாக வருவார்கள். பெண்களும்தான். தலைமுடியை எடுத்தால் புண்ணியம், கால் முடியை எடுத்தால் மினுக்கு. எந்த முடி, யாருக்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது போல.

விசயமங்கலத்துச் சமணக் கோயிலுக்கு ஒருமுறை போயிருந்தேன். இந்தப் பக்கத்தில் சமணம் செழித்திருந்த காலம் ஒன்று உண்டு. சமணத் துறவிகள் தலைமுடியைக் கத்தி படாமல் கையாலேயே பிடுங்கிக்கொள்வார்கள், அழகை விடுவதற்காக. நாம் அதே வேலையை அழகு வருவதற்காகச் செய்கிறோம். காசு கொடுத்து.

28 ஜனவரி, காலை 11.00

முடியே அழகாக இருந்த காலமும் உண்டு என்பதை எழுதாமல் விட்டால் பாதிக் கதைதான்.

தொப்புளிலிருந்து மேலே போகிற மெல்லிய முடிக்கோட்டுக்கு வடமொழியில் ரோமாவளி, தமிழில் மயிரொழுங்கு. கவிகள் அதைப் போற்றிப் போற்றிப் பாடியிருக்கிறார்கள். சௌந்தர்ய லகரியின் 76-ஆம் சுலோகத்தில் சிவனின் கோபத் தீயில் வெந்த மன்மதன் அம்பாளின் தொப்புள் குளத்தில் குதிக்கிறான். அவன் மேலிருந்து எழுந்த புகையைத்தான் உலகம் ரோமாவளி என்கிறது என்று வருகிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அதைப் படிக்கிற வீட்டிலேயே பெண்ணுக்கு வயிற்றில் முடி தெரிகிறது என்று வேக்சிங்குக்கு நேரம் குறிக்கிறார்கள். கேலிக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தாவணி ஜாக்கெட் தைத்தது நான்தான், இறக்கம் ஒரு இஞ்சு கூட்டச் சொல்லிக் கேட்டாள்.

மயிர் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். வள்ளுவர் கூசாமல் எழுதினார். இப்போது எழுதினால் இந்தத் தளமே தூக்கிவிடும் என்று பயந்து பயந்து "மயிரொழுங்கு" என்று தட்டினேன்.

2 பிப்ரவரி, இரவு 10.50

இதை எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

1994-இல் தலைப்பிரசவம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வலி வந்து உள்ளே போனதும் ஆயா ஒரு சீட்டைக் கொண்டுபோய் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்திருக்கிறார்: டெட்டால், பஞ்சு, பிளேடு ஒன்று. எதிர்க்கடையில் வாங்கி வந்திருக்கிறார், எதற்கு என்று தெரியாமல். உள்ளே திரை இல்லை, பக்கத்துக் கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு குளுக்கோஸ் கம்பி. தண்ணீர் தொட்டு, நாலே இழுப்பு. "இத்தன நாள் இதைக்கூட எடுக்கலியா?" என்று ஒரு கேள்வி வேறு. குழந்தை பிறந்த வலி மறந்துவிட்டது, அந்தக் கேள்வி மறக்கவில்லை. அப்புறம் முளைக்கும்போது இருந்த அரிப்பைத் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுத்தத்துக்காக என்றுதான் நினைத்திருந்தேன். சுகப்பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிக்க வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2015-இல் சொல்லிவிட்டது. அறுவை செய்கிற இடத்திலும் பிளேடு வேண்டாம், எடுத்தே ஆக வேண்டுமென்றால் கத்தரிக்கிற மிஷின் என்கிறார்கள். பிளேடு போடுகிற சின்னச் சின்ன வெட்டுதான் கிருமிக்கு வாசல். என் மகளுக்குப் பிரசவம் ஆனபோது யாரும் சீட்டுக் கொடுக்கவில்லை. வாசலில் நின்று கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "பிளேடு வாங்கிட்டு வரட்டுங்களா?" என்று தானாகவே நர்ஸைக் கேட்டாரே பார்க்கலாம்.

3 பிப்ரவரி, காலை 6.30

நொய்யல்கரையான் மறுபடி கேட்கிறார், கதை போதும், மகளுக்கு என்ன சொல்வது என்று. நியாயம்.

உங்கள் வீட்டில் சொல்வது பாதி சரி, நீங்கள் சொல்வது பாதி சரி என்று மழுப்ப மாட்டேன். அழுகிற பிள்ளையிடம் ஜில்லெட் வரலாறு எடுபடாது. ஒன்றே ஒன்று சொல்லலாம். பெண்களுக்கு முடி அதிகமா என்று மருத்துவர்கள் பார்க்கிற மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது, ஃபெரிமன், கால்வே என்ற இரண்டு பேர் 1961-இல் போட்டது. இப்போது புழக்கத்தில் இருக்கிற கணக்கில் உதடு, தாடை, நெஞ்சு, முதுகு, வயிறு என்று ஒன்பது இடம், இடத்துக்கு 4 மார்க். முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் அந்த ஒன்பதில் இல்லை. அங்கே இருக்கிற முடிக்கும் ஆண்மைச் சுரப்புக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதால் அதற்கு மார்க்கே கிடையாது. தாடையிலும் நெஞ்சிலும் முரட்டு முடி வந்து, மாதக் கணக்கும் தவறினால் டாக்டரிடம் போங்கள், சினைப்பை நீர்க்கட்டி என்கிற பிசிஓடியாக இருக்கலாம். வெறும் கை கால் என்றால் அது பிள்ளையின் விருப்பம். எடுக்கிறாள் என்றால் சோப்பு நுரை போட்டு, புது ரேசரில், அம்மா பக்கத்தில் இருக்கட்டும். மழித்தால் தடித்து முளைக்கும் என்று பயமுறுத்தாதீர்கள், 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அம்மையார் அளந்து பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டார். என்னை மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு அரை பிளேடைத் தேட விடாதீர்கள், அது போதும்.

11 பிப்ரவரி, இரவு 9.25

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம் பாக்கி.

ஆத்தா தாடை முடியைச் சட்டை பண்ணவில்லை என்று எழுதியிருந்தேன். நேற்று அத்தையிடம் போனில் இந்தப் பேச்சையெல்லாம் சொன்னேன். அத்தை சிரித்துவிட்டு, "உங்காத்தாளா? வெள்ளிக்கெழமயானா கட்டுத்தறிக்குப் பொறகால வெயில்ல உக்காந்து முள்வாங்கியில புடுங்கிக்கிட்டே இருப்பாளே. நீதான அம்மிணி கூட உக்காந்திருப்ப" என்றாள்.

சாவிக்கொத்தோடு தொங்கிய அந்தப் பித்தளை முள்வாங்கி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆத்தாவுக்குப் பார்வை மங்கிய பிறகு ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. அது முடிந்ததும் முள்வாங்கியைக் கையில் கொடுத்து முகத்தை வெயிலுக்குத் திருப்பிக்கொள்ளும். "கிளுவ வேலி ஓரமாப் போனேன் கண்ணு, தாவாக்கட்டையில முள்ளு ஏறிக்கிச்சு. யாருகிட்டயும் சொல்லாத, எடு."

நானும் எடுத்திருக்கிறேன். வாரா வாரம் ஒரே இடத்தில் எப்படி முள் ஏறும் என்று கேட்டதில்லை. கல்யாணமாகிக் கோபிக்கு வந்த பிறகு, தாடையில் விரல்கடை நீளத்துக்கு வெள்ளை முடி தொங்குவதைத்தான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்தேன்.